சின்னம்மா ‘அக்கா’ என்று கூப்பிட்ட கல்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் எழுதக் கிளம்பலாமா என்று யாராவது கேட்கலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பெற்றது யார் என்று நான் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருந்த பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சூளையில் வேலை. அவருக்கு இரண்டு மனைவிகள். மூத்தவர் வேப்பூர்க்காரர். அவருக்குப் பல வருடம் பிள்ளை இல்லை என்று கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இரண்டாவதாக ஒருவரைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இருவருமே ஒரே சமயத்தில் உண்டானார்கள். முதலில் இளையவருக்குப் பெண் பிறந்தது. சில நாளில் மூத்தவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

எனக்குச் சொல்லப்பட்ட கதை இதுதான். மூத்தவர் போனாலும் அவர் குழந்தையைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இளையவரின் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பிழைத்த குழந்தைக்கு இளையவர் பால் கொடுத்தார். அந்தக் குழந்தை நான். அதனால் செத்துப்போனவரை அம்மா என்றும், வளர்த்தவரைச் சின்னம்மா என்றும் சொல்லிப் பழகினேன்.

நாங்கள் குடியிருந்த வீடு மூத்தவருக்கு வேப்பூர்க்காரர்கள் கொடுத்த சீர். அவர் தம்பிதான் எனக்குத் தாய்மாமன். வேப்பூர் மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் பெரிய மனுஷியானபோது அவர்தான் தென்னை ஓலை வெட்டி வந்து நான் தனியாக உட்காரக் குச்சு கட்டினார். சின்னம்மாவின் அண்ணன் அந்த இரண்டு சடங்குக்கும் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு சடங்கு முடியும்போதும் மாமா என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஓலை கட்டிய கைக்குப் பெண் சொந்தம் என்று எங்கள் பக்கம் நினைப்பார்கள். அந்தக் குச்சுக்குள் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு மூச்சு முட்டியது. ஓலையின் பச்சை வாசனை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். அச்சிலிருந்து எடுத்த ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைச் சூளைக்குப் போகுமுன் சுரண்டி எடுக்கும் வேலை. வாரத்தில் ஒருநாளாவது மாமா சைக்கிளோடு பட்டறை கேட்டுக்கு வெளியே நிற்பார். உடனே கூட வேலை பார்க்கும் பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

“ஏண்டி, உன் மாமன் வந்துட்டாரு. பூ வாங்கியாந்திருப்பாரு, போ.”

“பூவா? அவரு வடையில்ல வாங்கியாருவாரு. டீக்கடைக்காரரு.”

“கட்டிக்கிட்டா தெனம் ஓசி டீதாண்டி உனக்கு.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மாமா கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடையில் இருக்கும் பாய்லரைப் பற்றிப் பேசுவதுபோல “என் பொருளு” என்பார். தை மாதம் நிச்சயம் என்று முடிவானபோதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. தாய்மாமனுக்கு உரிமை இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? வீடும் அவர்கள் கொடுத்தது.

அந்த மார்கழியில் என்னோடு வேலை பார்த்த பெண்ணின் அத்தை நிறைமாதத்தில் இறந்துபோனாள். வேலைக்குத் திரும்பியபோது அவள் சொன்னாள்: “வயித்துல புள்ளயோட போயிட்டாங்க. சுமையை எறக்காமப் போனா அவங்களுக்கு ஆறாதாம். ரோட்டோரம் சுமைதாங்கி நடப் போறாங்க.”

என் கை நின்றுவிட்டது.

சுமைதாங்கியை நான் அறியாதவள் இல்லை. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி தூக்கிக்கொள்ளலாம். கருவேப்பிலங்குறிச்சிப் பாதையில் அப்படி ஒன்று இருந்தது. சின்னம்மா தன் ஊருக்குப் போய் விறகுக் கட்டோடு திரும்பும்போதெல்லாம் அதில் இறக்கி வைப்பார். வைக்குமுன் ஒவ்வொரு தடவையும், “அக்கா, சித்த எறக்கி வச்சிக்கறேன்” என்பார். ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். அது வயிற்றுப் பிள்ளையோடு செத்தவர்களுக்காக நடும் கல் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சின்னம்மாவுக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. அவர் அக்கா என்று சொன்னது ஒரே ஒருவரைத்தான், மூத்தவரை. அவருக்குச் சுமைதாங்கி நட்டிருந்தால், அவர் பிள்ளையை இறக்காமலே போயிருக்கிறார். அப்படியானால் நான் யார்?

சாயந்தரம் அரிசி களைந்துகொண்டிருந்த சின்னம்மாவிடம் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்.

“நீ என் வயித்துல பொறந்தவதான். அக்காவுக்குப் புள்ளயில்லன்னு ஆயிட்டா வேப்பூர்க்காரங்க ஒட்டும் விட்டுப்போயிடும், வூடும் போயிடும்னு உங்கப்பாதான் மாத்திச் சொன்னாரு. பொய் சொல்லிட்டாரே தவிர, அக்காவ நெனச்சா பயம். வேப்பூர்க்காரங்க வராத பாதையா பாத்து கல்ல நட்டாரு.”

“நீங்க ஏன் சம்மதிச்சீங்க?”

“கேட்டாங்களா? ஒன்ன மடியில போட்டுக்கிட்டே, என் புள்ள செத்துப்போச்சுன்னு ஊருக்கு முன்னால ஒன்ன நெனச்சு அழுதேன். பால் குடிச்சிக்கிட்டே இருந்த நீ.”

களைந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அடுப்பில் உலை கொதித்தது. உண்மை தெரிந்ததால் கதவு திறந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. வெளியே சொன்னால் அப்பா பொய்யர், சின்னம்மா அதற்கு உடந்தை, எங்களுக்கு வீடு கிடையாது. சொல்லாவிட்டால் நான் வேப்பூருக்குப் போக வேண்டும். பட்டறையில் பிசிறு சுரண்டினேன், வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். நிச்சயத்துக்கு எடுத்த புடவை கொடியில் தொங்கியது.

சின்னம்மாவின் அண்ணனையும் அழைப்பதுதான் மரியாதை என்று மாமா கருவேப்பிலங்குறிச்சிக்குக் கிளம்பினார். வெற்றிலை, தேங்காய், பழம் எல்லாம் ஒரு பெரிய துணிப்பையில். நானும் வருகிறேன் என்று சின்னம்மா புறப்பட்டார். என்னையும் கைப்பிடித்து இழுத்துக்கொண்டார். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

“என்னக்கா, ரெண்டு பேரும் எழவுக்குப் போறாப்ல வரீங்க? நிச்சயத்துக்கு அழைக்கப் போறோம்” என்றார்.

சுமைதாங்கி வந்தது. ஹேண்டிலில் தொங்கிய பை டயரில் உரசுகிறது என்று, அதை எடுத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். அந்தப் பாதையில் போகிற யாரும் அப்படித்தான் வைப்பார்கள்.

“தம்பி” என்றார் சின்னம்மா. “அது உங்கக்காவுக்கு நட்ட கல்லு.”

மாமா சிரித்தார். “எந்தக்கா?”

“உங்களுக்கு எத்தினி அக்கா?”

சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையை எடுக்கப் போனார்.

“எடுக்காதீங்க தம்பி. வைக்கத்தான் நட்டுருக்குது.”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, “அப்ப இவ?” என்றார்.

“என் பொண்ணு.”

“இவ அப்பாவுக்குத் தெரியுமா?”

“கல்லு நட்டதே அவருதான்.”

மாமா பலகைக் கல்லைக் கையால் தடவினார். “இத்தினி வருஷமா எங்கக்கா ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்திருக்குது. எனக்கு ஒரு வார்த்த சொல்லல நீங்க.” பிறகு கணக்குப் போடுகிறவர்போல மெதுவாகச் சொன்னார்: “மொற ஒண்ணும் மாறிடல. அக்கா சக்களத்தி மவளும் மொறப்பொண்ணுதான்.”

“மொற இருக்குது. உரிமதான் இல்ல. இனிமே அவளக் கேட்டுத்தான் கட்டணும்.”

மாமா என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. “சரி, கேக்கறேன். உனக்கு இஷ்டமா?”

அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. வேண்டாம் என்று சொன்னால் அந்த மனிதருக்கு ஒரே நாளில் அக்கா குழந்தையும் இல்லை, கட்டிக்கொள்ளப் பெண்ணும் இல்லை என்று ஆகும். ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. சின்னம்மாவின் கை என் கையை விடவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“போயிட்டு வரேன்” என்று மாமா கல்லைப் பார்த்துச் சொன்னார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பை அங்கேயே இருந்தது. நாங்கள் அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து சின்னம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சின்னம்மாவின் அண்ணன் அந்த வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லைக் கழுவி மஞ்சள் பூசியிருக்கிறது, உடைத்த தேங்காய் கிடக்கிறது, பை எதுவும் இல்லை என்றார். வீட்டைக் கேட்டோ நிச்சயம் பேசியோ வேப்பூரிலிருந்து யாரும் வரவில்லை. நான் எப்போதும்போல, “சின்னம்மா, போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன்.