இரண்டாவது கிளாரினெட்டின் சேனல்

1. கைதட்டல்

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் எல்லா ஃபேடரையும் கீழே இறக்கிவிட்டு, புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்ட சவுண்ட்காரன் திருவனந்தபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஜாஸ் கச்சேரிக்கு நான் வேலை பார்த்த முதல் நாள் அது.

அப்போதே எனக்கு முப்பது வருஷ அனுபவம். நாகர்கோவிலிலிருந்து வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு மைக் செட் கடையில் வயர் சுற்றத் தொடங்கி, பிறகு அங்கேயே சொந்தமாகக் கடை போட்டவன். கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், கல்யாணக் கச்சேரி, பள்ளி ஆண்டுவிழா எல்லாம் பார்த்தாயிற்று. எந்த ஹாலில் ஸ்பீக்கரை எங்கே வைத்தால் ஊளையிடும் என்பது மனப்பாடம். எனக்குத் தெரியாத சவுண்ட் எதுவும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கீதா மேடமும் அவருடைய சிநேகிதர்கள் சிலரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு பூங்காவில் கலை நிகழ்ச்சி நடத்துவார்கள். யாராவது கவிதை வாசிப்பார்கள், யாராவது ஆடுவார்கள், பிள்ளைகள் வரைந்த படங்களைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த மாதம் ஜாஸ். சாக்ஸபோன், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று நாலு பேர்.

அவர்கள் மேடையேறி ஏதோ வாசித்தார்கள். ஒருவர் ஒரு வழியாகவும் மற்றவர் வேறு வழியாகவும் போவதுபோல் இருந்தது. சவுண்ட் செக் செய்கிறார்கள் என்று நினைத்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நடுமேடையில் நிற்கும் மைக்குக்கு உரிய பாட்டுக்காரர் இன்னும் வரவில்லையே என்ற கவலை வேறு. கீதா மேடம் மிக்ஸர் பக்கம் வந்தார்.

“சண்முகம் சேட்டா, சவுண்ட் கொஞ்சம் கூட்டணும் கேட்டோ. ப்ரோகிராம் தொடங்கி பத்து மினிட் ஆயி.”

“பாட்டுக்காரர் எங்க மேடம்?”

“பாட்டுக்காரரே இல்லா.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக லெவல்களை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் சாக்ஸபோன்காரர் ஒரு நீளமான மூச்சை ஊதி நிறுத்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள். பாட்டு முடிந்தது என்று நான் ஃபேடர்களை இறக்கி, இடைவேளைக்கு வழக்கமாகப் போடும் புல்லாங்குழலைப் போட்டேன். மேடையில் நாலு பேரும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருக்க, ஸ்பீக்கரிலிருந்து புல்லாங்குழல் வந்தது. டிரம்மர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வியர்த்தது.

முடிந்த பிறகு சாக்ஸபோன்காரர் ரெக்ஸ் என்னிடம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம், கடற்கரைக்காரர். பகலில் ஐ.டி. கம்பெனி வேலை.

“அண்ணாச்சி, இதுல கைதட்டினா பாட்டு முடிஞ்சுன்னு அர்த்தமில்ல. ஒருத்தன் தன் பங்கச் சொல்லி முடிச்சிருக்கான், அவ்வளவுதான். அடுத்தவன் சொல்ல வேண்டாமா?”

அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு அந்த இசை பிடிபட ஆரம்பித்தது. அடுத்த மாதமும் கீதா மேடம் என்னைத்தான் கூப்பிட்டார். வேறு ஆளைப் பார்த்திருப்பார் என்று எண்ணியிருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

2. கேபிள் மேல் போட்ட பழி

அந்தச் சனிக்கிழமைகளில் பள்ளி பேண்டுகளையும் வாசிக்க வைக்கலாம் என்று கீதா மேடம் முடிவு செய்தார். முதலில் வந்தது ஒரு பெண்கள் பள்ளி. இருபத்திரண்டு பிள்ளைகள். என் மிக்ஸரில் பதினாறு சேனல், மைக் ஒன்றுக்குச் சேனல் ஒன்று. டிரம்களுக்கும் டிரம்பெட்டுகளுக்கும் தனி மைக் தேவையில்லை, அதுகளே போதிய சத்தம் போடும். மெல்லிய சத்தமுள்ள கருவிகளுக்குத்தான் மைக் வேண்டும். இரண்டு கிளாரினெட்டுக்கும் ஆளுக்கொரு மைக் வைத்தேன். அவர்கள் வாசித்த அணிவகுப்பு மார்ச்சில் முதல் கிளாரினெட் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, வாசிக்கும், அதற்குப் பதில்போல இரண்டாவது கிளாரினெட் நாலு பார் வாசிக்கும். அந்த இடத்தில் மற்றவர்கள் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

சவுண்ட் செக்கில் அந்த இரண்டாவது கிளாரினெட் இரண்டு தடவை கீச்சிட்டது. கிளாரினெட் வாசிக்கப் பழகுகிறவர்கள் எல்லாருக்கும் இது வரும். உதடு கொஞ்சம் இறுகினால் போதும், எலி மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம்.

பேண்டு மாஸ்டர் ஸ்டான்லி, மார்த்தாண்டத்துக்காரர், என் காதருகே வந்தார். “அண்ணாச்சி, பிரின்சிபல் முன்வரிசையில இருக்காங்க. அந்த ரெண்டாவது கிளாரினெட்ட அடச்சிருங்க. ஒண்ணும் தெரியாது.”

நானும் அடைத்துவிட்டேன். தொழிலில் இதெல்லாம் சகஜம். சுருதி சேராமல் கோரஸ் பாடிய ஒரு அமைச்சரின் மைக்கைக்கூட அடைத்திருக்கிறேன்.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. அந்த நாலு பார் வந்தபோது ஒரு சைடு டிரம் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. சபையில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை, ஒருவரைத் தவிர. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

“என்ன சார், என் பொண்ணு வாசிக்கறா, விரல் ஓடறது, சத்தத்தையே காணோமே?”

“கேபிள் கம்ப்ளெயின்ட் சார். திடீர்னு போயிருச்சு.”

“அடடா,” என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கும் சேர்த்து வருத்தப்பட்டார் என்பதுதான் கொடுமை. “உங்களுக்கும் கஷ்டம்தான், திறந்த வெளியில” என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. கடைக்கு வந்த பிள்ளை

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். பதினாலு வயது இருக்கும். அவளுடைய அப்பா ரோட்டில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“மாமா, நான் மைதிலி. வலியசாலைலேர்ந்து வரேன். ஸ்கூல் பேண்டுல செகண்ட் கிளாரினெட். அன்னிக்கு என் கேபிள் போயிடுத்துன்னு அப்பா சொன்னார். அடுத்த மாசம் திரும்பவும் வாசிக்கறோம். எந்தக் கேபிள் நன்னாருக்கும்னு சொல்லுங்கோ, நானே ஒண்ணு வாங்கிண்டு வந்துடறேன்.”

சுவரில் ஆணியில் வளையம் வளையமாகக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். கை அதற்குப் போகவும் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளை அந்தக் கேபிளை அடுத்த மாதம் மேடைக்குத் தூக்கிக்கொண்டு வருவதை நினைத்தபோது என்னால் முடியவில்லை.

“கேபிளுக்கு ஒண்ணுமில்ல மோளே. நான்தான் உன் சேனல அடச்சு வச்சேன்.”

“பின்னே அப்பாகிட்ட?”

“பொய் சொன்னேன்.”

அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“மாஸ்டர் அடைக்கச் சொன்னாரா?”

“யார் சொன்னா என்ன, அடச்சது என் கை.”

“அன்னிக்கு எனக்கு கீச் வந்துதா?”

“தெரியாது.”

“ஹெட்போன் கழுத்துல போட்டிருந்தேளே. நான் பாத்தேன்.”

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சேனலை அடைத்து வைத்திருந்தாலும், ஒரு பட்டனை அமுக்கினால் அதை மட்டும் ஹெட்போனில் தனியாகக் கேட்கலாம். அந்த மைதானத்தில் அவள் வாசித்ததைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் கேட்கவில்லை.

“ஒரு தடவைகூட வரல மாமா,” என்றாள் மைதிலி. “அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்த நாலு பார் முழுசா சரியா வந்துது.”

அவள் சுவரில் தொங்கிய கேபிள்களை ஒருமுறை பார்த்தாள். “அப்போ கேபிள் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

4. நாலு பார்

மறுநாளே பள்ளிக்குப் போய் ஸ்டான்லி மாஸ்டரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, போன வருஷம் ஒரு போட்டியில ஒரு பிள்ளைக்கு இப்படிக் கீச்சு வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அது அடுத்த நாளே பேண்ட விட்டுப் போச்சு. நல்லா வாசிக்கிற பிள்ள. இவளும் போயிரக்கூடாதுன்னுதான் சொன்னேன்.”

அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அவர் பயந்தது பிரின்சிபலுக்கு மட்டுமில்லை. இருந்தாலும் சொன்னேன்: “அடுத்த தடவ அந்தச் சேனல் திறந்துதான் இருக்கும் மாஸ்டர். வேண்டாம்னா வேற ஆளப் பாருங்க.”

“கீச்சு வந்தா?”

“வந்தா வரட்டும்.”

ஜாஸ்காரர்களும் பள்ளி பேண்டும் சேர்ந்து ஒரு உருப்படி வாசிக்க வேண்டும் என்பது கீதா மேடத்தின் ஆசை. ரெக்ஸ் பிள்ளைகளின் அதே மார்ச்சை எடுத்துக்கொண்டார். தாளத்தைக் கொஞ்சம் இளக்கி, கால் நடைபோடுவதற்குப் பதிலாகத் தோள் ஆடும்படி செய்தார். இரண்டு வாரம் பள்ளியில் ஒத்திகை நடந்தது. ஒழுங்காக அணிவகுத்து நின்று வாசித்துப் பழகிய பிள்ளைகளுக்கு முதலில் அது புரியவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளை ரெக்ஸிடம் கேட்டாள், “அங்கிள், இது தப்பா வாசிக்கிற மாதிரி இருக்கே, ஓகேயா?” ரெக்ஸ் சொன்னார், “தெரிஞ்சு வாசிச்சா ஓகே.”

மைதிலி என்னிடம் பேசவில்லை. நான் மைக் வைக்கப் போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அதை நான் குறைசொல்ல முடியாது.

நிகழ்ச்சி நாளன்று பூங்கா நிறைய ஆட்கள். பிள்ளைகளின் வீட்டார் மட்டுமே பாதி இருப்பார்கள். முதல் கிளாரினெட் தன் நாலு பாரை வாசித்து முடித்தது. எல்லாரும் அடங்கினார்கள். மைதிலி ஊதினாள். ஃபேடர் மேலே இருந்தது, ஹெட்போன் என் காதில் இருந்தது. முதல் இரண்டு பார் அழகாக வந்தது. மூன்றாவதில் கீச்.

சாதாரணக் கீச் இல்லை. மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. முன்வரிசையில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். என் கை தானாக ஃபேடருக்குப் போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம் அது. கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்தது ரெக்ஸின் முறை. அவர் சாக்ஸபோனில் அதே கீச்சை வேண்டுமென்றே வாசித்தார், அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே. ஜனங்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். விளையாட்டாக்கி அவளைக் காப்பாற்றலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். மைதிலி சிரிக்கவில்லை. அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மைக்குக்கு ஒரு அடி முன்னால் வந்து, தன் நாலு பாரை மறுபடியும் தொடங்கிவிட்டாள். யாரும் அவளுக்குக் கொடுக்காத நாலு பார். ரெக்ஸ் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தார். ஸ்டான்லி மாஸ்டர் இரண்டு கையையும் விரித்து என்னைப் பார்த்தார், நான் ஏதோ செய்ததுபோல. டிரம்ஸ் பிள்ளை மட்டும் பதறாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பார் சரி. இரண்டு, மூன்று, நாலும் சரி. ஒரு பிசிறு இல்லை. நான் ஃபேடரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினேன். கைதட்டல் வந்தது. பாட்டு முடியவில்லை என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும்.

மேடையிலிருந்து இறங்கி வந்த ரெக்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார், “அண்ணாச்சி, என் முறைய அந்தப் பிள்ள பிடுங்கிட்டா. இதுக்கு மேல அவளுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல.”

அவளுடைய அப்பா வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“சார், அன்னைக்கு கேபிள் கம்ப்ளெயின்ட் இல்ல.”

“தெரியும். உங்க கடைலேர்ந்து ஸ்கூட்டர்ல வரச்சேயே சொல்லிட்டா. உங்ககிட்ட சண்டைக்கு வரேன்னுதான் சொன்னேன். வேண்டாம், அந்த மாமாவே ஒத்துண்டுட்டார்னு சொல்லிட்டா.” பிறகு செல்போனைக் காட்டினார். “இன்னிக்கு எல்லாம் கேட்டுது சார். கீச்சும்தான்.”

மைதிலி கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “ஹெட்போன் போட்டிருந்தேளா?” என்று கேட்டாள். போட்டிருந்தேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சிநேகிதிகளோடு ஐஸ்கிரீம் வண்டிக்குப் போனாள்.

இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு மட்டும் நான் போகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மிக்ஸரில் ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, எது எந்தச் சேனல் என்று எழுதி வைப்போம் அல்லவா, அதில் கருவியின் பெயரை எழுதாதீர்கள். பிள்ளையிடம் போய்ப் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரை எழுதுங்கள். ‘கிளாரினெட் 2’ என்று எழுதியிருந்தால் கை சுலபமாக அடைத்துவிடும். ‘மைதிலி’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் யோசிக்கும்.