கழலாத வாரும் கழல வேண்டிய வாரும்

செருப்பு தைப்பவனுக்கு வாடிக்கையாளரின் கால் அளவு தெரிந்தால் போதும். கிட்டாருக்குத் தோல் வார் தைப்பவனோ அவருடைய தோள், தொப்பை, குதிக்கிற குதி எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தமானில் போர்ட் பிளேர் பஜாரில் பை தைத்துக்கொண்டிருந்த நான், சுனாமிக்கு அடுத்த வருஷம் இதில் வந்து மாட்டிக்கொண்டேன். அடுத்தவர் பொருளுக்குப் பொறுப்பேற்றுத் தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்கு என் கதை புரியும்.

முதல் வார்

வடக்கே ரங்கத் ஊரில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கும் மூர்த்திதான் முதலில் வந்தார். வாரின் இரண்டு முனையிலும் ஒரு துளை போட்டு, அதிலிருந்து ஒரு கீறல் விட வேண்டும். கிட்டாரின் குமிழில் மாட்டுவது அதைத்தான். கீறல் ஒரு நூல் கூடினாலும் கிட்டார் தரையில் கிடக்கும். இங்கே மழைக்காலத்தில் தோல் ஊறி இளகிவிடும் என்பதால் வேண்டுமென்றே இறுக்கமாக வைத்தேன்.

அவர் மாட்டிக்கொண்டு கைகளை விட்டார். எனக்குப் பயம் தாங்கவில்லை. கிட்டாருக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். மூர்த்தி என்னைப் பார்த்தார். "அரே அண்ணே, கையை எடுங்க. கச்சேரிக்கு உங்களையும் கூட்டிட்டா போறது?"

மேட்டுக்கு ஓட்டம்

அந்த வருஷங்களில் நிலநடுக்கத்தில் தரை அடிக்கடி ஆடும். டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சர், கிட்டாரில் கை உரசும் இடத்துக்குத் தோல் ஒட்டித் தரச் சொல்லி வந்திருந்தார். பசை தடவும்போது கடை ஆடியது. "பானி ஆ ரஹா ஹை", தண்ணீர் வருகிறது என்று தெருவில் யாரோ கத்தினார்கள். பசையும் கிட்டாருமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு டெலானிபூர் மேட்டுக்கு ஓடினேன். டீச்சர் செருப்பில்லாமல் எனக்கு முன்னால் ஓடினார்.

தண்ணீர் வரவில்லையாம், இறங்கலாம் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் நகரவில்லை. டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "வரலைன்னு சொல்றாங்களே, போய்ப் பார்த்தது யாரு?"

கச்சால் செல்வராஜ்

செல்வராஜ் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்காரர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்து, கோயில் விழாக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். என் வாரில் ஆளையே தொங்கவிட்டாலும் கழலாது என்று பீற்றிக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

சுனாமியன்று காலை அவருடைய தம்பி கப்பலுக்காகப் படகுத்துறையில் நின்றாராம், கிட்டார் முதுகில். அலை அடித்ததும் வார் எதிலோ சிக்கிக்கொண்டது, கழற்ற வரவில்லை. பக்கத்தில் நின்று பிழைத்தவர் வந்து சொன்னது. இறுக்கமாகத் தைக்கத்தானே நான் இத்தனை நாள் பாடுபட்டேன்.

"எனக்குக் கழலுற வாரு வேணும் அண்ணே. ஒரே இழுப்புல."

கோயில் மேடை

நெஞ்சுக்கு நேரே வாரை வெட்டி, இரண்டு பிரஸ் பட்டன் வைத்துச் சேர்த்தேன். பாட்டு நடுவில் தானாகத் திறந்துகொண்டால்? விழாவன்று மேடையோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது பாட்டில் தரை ஆடியது. கூட்டம் சிதறியது. செல்வராஜ் நெஞ்சில் கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், மேடையிலிருந்து குதித்தார், மேட்டைப் பார்த்து ஓடினார். கிட்டார் பலகையில் விழுந்து கழுத்து முறிந்தது.

அன்றும் தண்ணீர் வரவில்லை. மறுநாள் இரண்டு துண்டுக் கிட்டாரோடு அவர் கடைக்குள் நுழைந்தார். என்னத்தைச் சொல்லிச் சமாளிப்பது? அவரோ துண்டுகளைப் பலகைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழண்டுருச்சு அண்ணே. அடுத்த கிட்டாருக்கும் இதே மாதிரி தைச்சிருங்க."

மற்ற தொழில்காரர்களுக்குத் தாங்கள் செய்த வேலை கழன்றுவிடுமோ என்கிற ஒரே பயம்தான்; எனக்குக் கழன்றுவிடுமோ என்று ஒன்று, கழலாமல் போய்விடுமோ என்று ஒன்று, ஆக பயப்படுவதிலும் டபுள் டியூட்டி.