பாம்புக்குப் பால் கொடுத்த ராசா

சின்னம்மா ஊரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த மாரியில் எனக்கு ஏழு வயது. அம்மாவின் ஒரே தங்கை அவர். ஏஜென்சிக்காரன் அவரை விமானத்தில் ஏற்றிவிட்டு, சித்தப்பாவைக் கப்பலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். கப்பல் என்றால் எனக்கு எங்கள் துறைமுகத்தில் வந்து நிற்கும் வெள்ளை மாளிகைகள்தான் தெரியும். ஆகவே சித்தப்பா மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் படுத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சொகுசான பயணத்தை யார்தான் அவசரப்பட்டு முடிப்பார்கள்? அவர் வரத் தாமதமானது எனக்கு வியப்பாகவே இல்லை.

அப்போது பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். அம்மாவின் வயிற்றில் தம்பி. அதற்கு முந்தைய பிள்ளை தங்காமல் போயிருந்ததால், இந்த முறை கட்டிலைவிட்டு எழும்பவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் மெதுவாகக் கதைத்தோம். கதவைக்கூட அடித்துச் சாத்தக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊருக்கே ஓய்வான ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வேலை அதிகம்.

அப்படியொரு ஞாயிறு பின்னேரம் சின்னம்மா வெளியே போகும் சீலையைக் கட்டிக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே வந்து நின்றார்.

“இவளை வில்லா ஜூலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போட்டு வாறன், அக்கா. அந்தப் பூங்காவிலை ஒரு பெரிய ராசா சிலை இருக்காம். பாக்க ஆசைப்படுறாள்.”

நான் எந்த ராசாவுக்கும் ஆசைப்பட்டிருக்கவில்லை. ஆனால் வெளியே போகக் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பேசாமல் செருப்பை மாட்டினேன். சின்னம்மாவுக்கு இத்தாலியன் தெரியாது. வழி கேட்க என் வாய் தேவைப்படுகிறது என்று எனக்குப் பெருமையும்கூட.

“கெதியா வந்திடுங்கோ,” என்றார் அம்மா. “வானத்தைப் பாத்தால் ஒரு மாதிரிக் கிடக்கு.”

வானம் மஞ்சளாகக் கிடந்தது. ஆபிரிக்காவிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வரும் சிரோக்கோ காற்று அன்று நகரத்தின்மேல் இறங்கியிருந்தது. மாரி இன்னும் முடியவில்லை, ஆனாலும் அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல வெக்கை. கார்களின்மேல் செம்மண் படிந்திருந்தது. எல்லா வீட்டு யன்னல்களும் அடைத்துக் கிடந்தன. வழியில் நாங்கள் ஒரு மனிதரையும் காணவில்லை. வழி கேட்க வைத்திருந்த என் வாய்க்கு வேலையே வரவில்லை. சின்னம்மா யாரிடமோ முன்பே கேட்டு மனப்பாடம் செய்தவர்போல நேராக நடந்தார்.

பூங்கா வாசலுக்குள் நுழைந்ததும் எனக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. பாதையோரமெங்கும் பெரிய மனிதர்களின் கல் தலைகள், மூக்கு உடைந்தும் தாடை உடைந்தும் வரிசையாக நின்றன. ஒரு தலையின் கண்களுக்கு யாரோ கறுப்புச் சாயம் பூசிவிட்டிருந்தார்கள். பனை ஓலைகள் உரசும் சத்தம், பின்னால் யாரோ சீலை சரசரக்க நடந்து வருவதுபோல் கேட்டது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அந்த ராசா பாறைகளின் மேலே, நீரூற்றுக்கு நடுவில் இருந்தார். கிரீடமும் தாடியுமாகப் பெரிய உருவம். காலடியில் ஒரு நாய். திறந்திருந்த நெஞ்சில் தடித்த பாம்பொன்று வாயை வைத்திருந்தது.

“சின்னம்மா, பாம்பு கடிக்குது!”

“கடிக்கேல்லைப் பிள்ளை. வடிவாப் பார். பால் குடிக்குது.”

அது கடித்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ராசாவின் முகத்தில் நோவு எதுவும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாயைப்போல அவர் பொறுமையாக இருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சின்னம்மா என்னை ஒரு கல்வாங்கில் இருத்தினார்.

“உதிலையே இரு. எழும்பக்கூடாது. நான் ராசாவைக் கும்பிட்டிட்டு வாறன்.”

அவர் நீரூற்றைச் சுற்றிப் பாறையின் பக்கமாகப் போய் நின்றார். அவருடைய முதுகில் பாதிதான் எனக்குத் தெரிந்தது. காற்று திடீரென்று நின்றது. ஓலைகளும் அடங்கின. பாசி பிடித்த தொட்டிக்குள் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சின்னம்மா தலையை நிமிர்த்தி மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

ராசா பதில் சொன்னார்.

தமிழில்தான் சொன்னார், அதுவும் எங்கள் வீட்டுத் தமிழில். கரகரத்த ஆண்குரல் ஒன்று கல்லுக்குள்ளிருந்து வந்தது. நான் ராசாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவை அசையவில்லை. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு வரி தெளிவாகக் கேட்டது.

“சரியான குளிர், அக்கா. கை விறைச்சுப்போச்சுது.”

அவ்வளவு வயதான ராசா என் சின்னம்மாவை அக்கா என்று கூப்பிடுவதை அந்த நேரத்தில் நான் பெரிதாக எடுக்கவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து ஒழுகும் வெக்கையில் அவருக்கு ஏன் குளிர்கிறது என்றுதான் யோசித்தேன். அதற்குள் கல்லுக்குள் யாரோ விம்மும் சத்தம். ராசா அழுகிறார்! நிமிர்ந்து பார்த்தால் முகம் அப்படியே இருக்கிறது. பாம்பும் குடித்துக்கொண்டே இருக்கிறது.

“அழாதை, ராசா,” என்றார் சின்னம்மா. “அழாதை.”

எனக்கிருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

அவர் திரும்பி வர வெகுநேரமானது. வந்ததும் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

“ராசா கதைச்சவரோ, சின்னம்மா?”

அவர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “ஓம்.”

“என்ன சொன்னவர்?”

“அம்மாவைக் கவனமாப் பாக்கச் சொன்னவர்.”

வீட்டுக்கு வந்ததும் குரலைத் தடிப்பாக்கி ராசாவைப்போல் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். “சரியான குளிர், அக்கா. கை விறைச்சுப்போச்சுது.” அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாவம், நெஞ்சைத் திறந்துகொண்டு இருந்தால் குளிராதோ? நீயும் கேட்டனியோ, தங்கச்சி?”

“ஓம் அக்கா, கேட்டனான்,” என்று சின்னம்மாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா சோர்ந்து படுத்திருக்கும்போதெல்லாம் ராசாவைக் கூப்பிடச் சொல்வார். நானும் கூப்பிடுவேன். ஒருமுறைகூடச் சின்னம்மா சிரிக்காமல் இருந்ததில்லை.

தம்பி நல்லபடியாகப் பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் துடக்கும் கழிந்த பிறகு ஒரு காலை, சின்னம்மா அம்மாவையும் அப்பாவையும் இருத்திவைத்து விஷயத்தைச் சொன்னார். சித்தப்பாவின் கப்பல் கடலோடு போய்விட்டது. அதில் வந்து பிழைத்த ஊர்ப் பெடியன் ஒருவன், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாத பயத்தில் வீட்டுக்கு வராமல், அந்த ஞாயிறு ராசா சிலையின் பாறைக்குப் பின்னால் நின்று செய்தி சொல்லியிருக்கிறான். தண்ணீருக்குள் சித்தப்பாவின் கையைத் தன்னால் முடிந்தமட்டும் பிடித்திருந்தவன் அவன். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, அம்மா பெரிதாக அழுகிறார், யாரும் சமைக்கவில்லை, சின்னம்மா மட்டும் சுவரைப் பார்த்தபடி தனியே இருக்கிறார் என்பதுதான்.

அவரைச் சிரிக்கவைக்க எனக்கு ஒரு வழி தெரியும். பக்கத்தில் போய் நின்று குரலைத் தடிப்பாக்கினேன்.

“சரியான குளிர், அக்கா. கை விறைச்சுப்போச்சுது.”

சின்னம்மா சிரிக்கவில்லை. என்னை மடியில் இழுத்து இருத்தி, என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். எனக்குக் குளிரவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.