புழுவின் பலமும் மணிவண்ணனின் பிடியும்

காலையில் பிரவீணா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் கணவன் மணிவண்ணன் கையை நீட்டுவான். அவள் தன் கையைக் கொடுப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பிடி பிடிப்பான்.

"நேத்தைக்கு இன்னைக்கு எப்புடி?"

"கூடித்தாங்க இருக்கு."

வாய் கூசாமல் சொல்லிவிட்டு, வேப்பந்தட்டை நிறுத்தத்துக்கு ஓடுவாள்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன் அவன். தசை மெலிகிற நோய் வந்து, கியர் போடக் கை மறுத்ததும் வீட்டோடு இருந்துவிட்டான். இப்போது ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் உரிக்கவே அவனுக்குக் காலைப்பொழுது முழுக்க வேண்டியிருக்கிறது.

பிரவீணாவுக்குப் பெரம்பலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை. வேலையும் எப்படி வந்து வாய்த்தது பாருங்கள். அங்கே அவள் அளப்பதும் பலத்தைத்தான், புழுவின் பலத்தை! ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அது பெரிய புழு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் சில்லு, அதற்குள் தலைமுடி அகலத்தில் வாய்க்கால், வாய்க்கால் நெடுகக் குட்டித் தூண்கள். தண்ணீரோடு உள்ளே விட்டால் புழு தூண்களை முட்டித் தள்ளிக்கொண்டு நெளியும். தூண் எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கியில் இருக்கும் கேமரா பார்த்துச் சொல்லும். அதுதான் அதன் பலம்.

தசை மெலிந்த புழுக்கள் இரண்டு தட்டுகளில் இருந்தன. ஒரு தட்டுக்கு மட்டும் புது மருந்து. எந்தத் தட்டுக்கு என்பது ஆய்வை நடத்தும் அபிநயா மேடத்துக்குத்தான் தெரியும். கைக்கு வந்த புழுவை எடுக்க வேண்டும், பார்த்துப் பொறுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மருந்து மனிதருக்கு வந்து சேரப் பல வருஷமாகும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். மனசு கேட்டால்தானே?

நீலப்பொட்டு வைத்த தட்டில் ஒரு புழு துள்ளியதைப் பார்த்தாள். மருந்து இதற்குத்தான் என்று அன்றே முடிவுகட்டிவிட்டாள். நீலத்தின் எண்கள் ஏறிக்கொண்டே போயின. மேடம் முகத்திலும் சிரிப்பு. பாவம், பிரவீணா தெரிந்து எதுவும் செய்யவில்லை. ஒரு மதியம், நீலத் தட்டில் சுருண்டு கிடந்த புழுவைத் தாண்டி அவள் கை தானாகவே அடுத்த புழுவுக்குப் போனது. அதை அவள் கண் பார்த்துவிட்டது. நேரே மேடத்திடம் போனாள்.

"மேடம், நீலத்துல நல்லா நெளியறதா பாத்து எடுத்துட்டேங்க. இந்த அளவெல்லாம் செல்லாதுங்க."

மேடம் நுண்ணோக்கியை அணைத்தார். "உங்க வூட்டுக்காரருக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடி அளந்தார்கள். தட்டை அலசி, வந்த புழுவை வந்தபடியே உள்ளே விட்டார்கள். மருந்து நீலத்துக்குத்தான் என்று மேடம் கடைசியில் சொன்னார், அதில் பிரவீணா கணக்குத் தப்பவில்லை. ஆனால் நீலமும் மற்றதும் ஒரே பலம்தான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அழுதாள்.

மறுநாள் காலை மணிவண்ணன் கையை நீட்டினான், பிடித்தான்.

"எப்புடி?"

"கொறஞ்சிருக்குங்க." பையைக் கீழே வைத்தாள். "ரொம்ப நாளாவே கொறஞ்சுக்கிட்டுத்தான் வருது."

அவன் கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா புள்ள? நீ சொல்றது பொய்யாயிடக் கூடாதுன்னுதான் தெனமும் உயிரக் குடுத்துப் புடிச்சேன்." மூச்சு விட்டான். "இனிமே சும்மா புடிச்சுக்கறேன்."

பஸ் போகிற சத்தம் கேட்டது. அடுத்த பஸ் வரும்வரை அவன் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.