அவித்த மண்ணுக்கு ஒரு கரண்டி

எங்கள் வீட்டு இடியப்பச் சட்டியில் ஒரு காலத்தில் மண் அவித்தார்கள் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. அவித்தவர் என் சாச்சி, உம்மாவின் தங்கை. எனக்கு அப்போது ஒன்பது வயது. வேலைநிறுத்தம் என்று சாச்சி படித்த கெம்பஸை மூடிவிட்டார்கள். சாச்சி தன் ஆராய்ச்சியை ஓட்டோவில் ஏற்றிவந்து அலவத்துகொடையில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் இறக்கினார். ஆராய்ச்சி என்றால் என்னவோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அடியில் துளையிட்ட இருபது தயிர்ச் சட்டிகள், ஒரு மூட்டை மண், ஒரு பை புல் விதை. அவ்வளவுதான்.

உம்மா தலையில் கைவைத்தார். ஊரெல்லாம் புல் வெட்ட ஆள் தேடும்போது இவள் புல் வளர்க்கிறாளே என்று வாப்பா சிரித்தார்.

எனக்கு மட்டும் சாச்சி விளக்கம் சொன்னார். எதிர்மலை முழுவதும் வெளிநாட்டுக் கினிப்புல் ஏறி, கோடை வந்தால் பற்றி எரிகிறது. அங்கே பழையபடி நம் பத்தனைப் புல்லைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்தப் புல் தனியாக வாழாதாம். மயிரைவிட மெல்லிய பூஞ்சண நூல்கள் அதன் வேரைச் சுற்றிக்கொண்டு, எட்டாத இடத்திலிருந்து நீரும் சத்தும் எடுத்துக் கொடுக்குமாம். புல் பதிலுக்கு இனிப்புக் கொடுக்குமாம். இது உண்மையா என்று பார்க்கத்தான் பத்துச் சட்டியில் பச்சை மண், பத்தில் அவித்த மண். அவித்தால் பூஞ்சணம் செத்துவிடும்.

சில வாரங்களில் பச்சை மண் புற்கள் முழங்கால் உயரம் நின்றன. அவித்த மண் புற்களோ மஞ்சளாகி விரலளவில் சுருண்டு கிடந்தன.

அந்தச் சட்டிகளோடு சாச்சியின் கலியாணமும் கட்டுண்டு கிடந்தது. மாப்பிள்ளைக்குக் கலகெதரையில் துணிக்கடை. நல்ல குடும்பம்தான், ஒரே ஒரு நிபந்தனை: கலியாணத்துக்குப் பிறகு படிப்பும் வேண்டாம், மண் கிண்டுவதும் வேண்டாம். சட்டி வேலை முடியட்டும் என்று மட்டும் சாச்சி கேட்டிருந்தார். சரி, முடிந்த அடுத்த மாதம் கலியாணம் என்று வாப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் பொன்சரிகை வைத்த சட்டைகூடத் தைத்தாயிற்று. நான் தினமும் அலுமாரியைத் திறந்து அதைத் தடவிப் பார்ப்பேன்.

அதற்குள் நோன்பு வந்தது. அசர்த் தொழுகைக்குப் பிறகு கஞ்சி வாளியோடு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போவது என் வேலை. ஒரு வீட்டையும் விடக்கூடாது, ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைக்கக்கூடாது என்பது உம்மாவின் கண்டிப்பு. ஒருநாள் அரைநோன்பு பிடித்த பசியோடு திரும்பிவந்தபோது அந்த மஞ்சள் புற்களைப் பார்த்தேன். எனக்கு மஃரிப் வந்தால் ஈச்சம்பழம் உண்டு. இதுகளுக்கு மட்டும் நோன்பு திறக்கிற நேரமே வராதா? மனம் பொறுக்கவில்லை. அகப்பைக் கரண்டியை எடுத்து, கொழுத்த சட்டிகளின் மண்ணைத் தோண்டி, மெலிந்த சட்டிகளுக்கு ஒவ்வொரு கரண்டியாக, கூடாமல் குறையாமல் பங்கு வைத்தேன்.

பெருநாளுக்குள் குட்டு உடைந்தது. மஞ்சள் புற்களெல்லாம் பச்சைபிடித்து நிமிர்ந்து நின்றன. சாச்சி படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். உம்மா கையை ஓங்கினார்.

“புள்ளைக்கு அடிக்காதீங்க ராத்தா,” என்றார் சாச்சி, முகத்தைத் துடைத்தபடி. “இனி மொதல்ல இருந்துதான் செய்யணும். ஆறு மாசமாவது போகும்.”

வாப்பா கொடுத்த வாக்கு வாக்குத்தான், வேலை முடியவில்லையே. கலகெதரைக்காரர்கள் ஆறு மாதம் காக்கவில்லை, அம்பிட்டியவில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். பொன்சரிகைச் சட்டையைப் போடாமலேயே நான் வளர்ந்துவிட்டேன். என் குற்றத்துக்கு இது சரியான தண்டனை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சாச்சி மறுபடி மண் அவித்தார், இம்முறை சொந்தச் சட்டியில். மேலே மேலே படித்தார். எதிர்மலையில் இன்று பத்தனைப் புல் நிற்கிறது. ஒவ்வொரு நாற்றின் அடியிலும் பழைய புல்வெளி மண்ணில் ஒரு பிடி வைத்துத்தான் அவர் நடுவித்தார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று நான் பங்கு வைத்துக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. சாச்சி நின்றிருந்தார். என் கரண்டியைப் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார்.

“கடைசிச் சட்டிக்கும் வெச்சிட்டு வாங்க மகள்,” என்றார் மெதுவாக. “பாங்கு சொல்லப் போறாங்க.”

நான் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துவிட்டார், நல்ல வேளை தப்பித்தேன் என்று எண்ணிக்கொண்டு, கடைசிச் சட்டிக்கும் ஒரு கரண்டி வைத்தேன்.