கோஃபி எங்கள் வீட்டில் களி சாப்பிட்ட ஞாயிறு

"உள்ளே என்ன வாசனை?" என்று கோஃபி இங்கிலீஷில் என்னைக் கேட்டபோது நான் அம்மாவைப் பார்த்தேன். கேள்வி புரிந்தது. பதிலும் தெரியும். கேழ்வரகுக் களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் எட்டாவது. கொரட்டூரில் இரண்டு அறை வாடகை வீடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். அவர் கம்பெனி கானா நாட்டுக்கு எண்ணெய் ஆட்டும் மெஷின் விற்றிருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள அங்கிருந்து வந்தவர்தான் கோஃபி. ஒரு ஞாயிறு மதியம் அப்பா அவரைச் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டார்.

அம்மா பதறிப்போனாள். வெளிநாட்டு ஆளாயிற்றே... பிரெட், ஆம்லெட், பக்கத்து வீட்டு சரசக்காவிடம் இரவல் வாங்கிய ஸ்பூன். களிச்சட்டியை முறம் போட்டு மூடினாள்.

"வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்."

அவள் சொல்லாவிட்டாலும் நான் திறந்திருக்க மாட்டேன். கழனிக் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அந்தக் காலத்துச் சோறு களி. பள்ளிக்கு அதைக் கொண்டுபோகும் நாட்களில் டிபன் மூடியைச் சாய்த்து, மறைத்துத்தான் சாப்பிடுவேன்.

கோஃபி பிரெட்டை மெதுவாக மென்றார். முகம் மட்டும் சமையலறைப் பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏம்மே, அந்தக் களிய எட்த்துகினு வா."

"இன்னாயா நீ... மானத்த வாங்காத. அவுரு இன்னா நெனப்பாரு?"

"மனுசன் பசியோட கீறாரு. எட்த்தா."

அம்மா தட்டை வைத்தாள், ஸ்பூனோடு. கோஃபி ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துபோய் வலது கையைக் கழுவிக்கொண்டு வந்தார். களியைக் கிள்ளினார். உருட்டி, கட்டைவிரலால் குழி போட்டு, குழம்பில் தோய்த்து... மெல்லாமல் அப்படியே விழுங்கினார்.

ஜன்னலில் சரசக்கா. "அய்ய, இன்னாடி இவுரு நம்பளாட்டமே முழுங்குறாரு!"

அவர் ஊரிலும் இதைப் போல ஒன்று உண்டாம், பெயர் ஃபூஃபூ. அவித்த மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் இடிப்பது. அவருடைய அம்மா உலக்கை போட, இவர் குத்துக்குக் குத்து நடுவே கைவிட்டுப் புரட்டுவாராம்.

"கை நசுங்காதாமா? கேளுயா!" அம்மாவுக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது.

"அவுங்கம்மா மூச்சு வுடுற சத்தத்த வச்சே கைய எட்த்துடுவாராம்," என்றார் அப்பா.

சாப்பிட்டதும் கோஃபி என் புவியியல் நோட்டில் கானாவை வரைந்தார். கீழே கடல், அதற்கு மேல் கொக்கோ விளையும் காடு, வடக்கே வறண்ட புல்வெளி, நடுவே நீண்டு கிடக்கும் ஒரு ஏரி. எங்கள் கொரட்டூர் ஏரியை நூறு தடவை உள்ளே போடலாம் போலிருந்தது. நான் பிறந்த கிழமையைக் கேட்டார்.

"ஆடி வெள்ளி," என்றாள் அம்மா.

அவர்கள் வழக்கத்தில் பிறந்த கிழமைதான் பெயராம். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. படத்துக்குக் கீழே அஃபுவா என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது ஹோட்டல் மெனுவில் ராகிக் களி இருக்கிறது. ஸ்பூனோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். நான் அந்த ஸ்பூனை ஓரமாக வைத்துவிடுகிறேன்.

கோஃபி இரண்டு மாதத்தில் ஊர் திரும்பினார். பிறகு தகவல் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், மீந்த களியைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். டிபன் மூடியைக் கழற்றிப் பெஞ்சின் மேல் தனியாக வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.