மாய்

இது ராத்திரியில் நடந்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை, உச்சிவெயிலில் நடந்தது. நம்பாதவர்கள் ஷார்ஜாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் முரளிதரனைப் போய்ப் பார்க்கலாம். பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏறுகிறது. வெடித்த உதடு ஆறவில்லை.

ஹஜர் மலையில் பாதி எமிரேட்ஸ், பாதி ஓமான். மலைக்காரர்களுக்கு அது ஒரே மலை. அக்கா வீடு அங்கே, தங்கை வீடு இங்கே. இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் எமிரேட்ஸ் பக்கத்து ஊற்றில். நடுவே கம்பிவேலி வந்த பிறகு, ஊற்றுக்குப் போக ஒரு சின்னக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. அதையும் பூட்டிவிட்டு வரத்தான் கோயம்புத்தூர் இன்ஜினியர் முரளிதரனை கம்பெனி அனுப்பியது. அவர் மனைவியோடு ஷார்ஜாவுக்கு வந்து மூன்று வாரம். யல்லா, கலாஸ், மாஃபி... தெரிந்த அரபி அவ்வளவுதான்.

பிக்கப் ஓட்டி வந்த யாழ்ப்பாணத்துக் கதிர்காமு கீழே நின்றுகொண்டார். முரளிதரன் தனியாக ஏறினார்.

பூட்டை மாட்டும்போது நிமிர்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி. கறுப்பு அங்கி. முகத்தில் பித்தளைபோல் மின்னும் மூடி. கையில் காய்ந்த தோல்பை.

அவள் வந்த சத்தமே கேட்கவில்லை...

"மாய்..." என்றாள்.

செத்துப்போ என்கிறாளா? பூட்டை அழுத்தினார்.

டக்.

அவள் விரலை நீட்டினாள்.

"மாய்."

விழுந்தடித்து இறங்கினார். தொண்டை வறண்டது. பிக்கப்பில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். காலி. அடுத்தது... காலி. எதிலும் சீல் உடையவில்லை.

"அந்தக் கெழவி என்னையச் சாகச் சொல்லுதுங்ண்ணா!"

கதிர்காமு சிரித்தார். "இஞ்ச மாய் எண்டா தண்ணியெல்லோ! ஒரு வாய் குடுத்திருக்கலாமே, தம்பி."

பிறகுதான் பாட்டில்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

சாயங்காலம் கதிர்காமு போன் செய்தார். வேலியின் பழைய காவலாளி அஸீமிடம் விசாரித்திருந்தார். அந்தக் கதவை முன்பும் ஒரு முறை பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மொள்ளத் தோல்பையோடு வந்த கிழவி ஒருத்தி கதவடியிலேயே தாகத்தில் செத்துக் கிடந்தாள். பூட்டியவனை ஒரு வாரத்துக்குள் அவன் காரிலேயே பிணமாக எடுத்தார்கள். சுற்றிலும் சீல் உடையாத காலி பாட்டில்கள். அதன்பின் பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

"பயப்பிடாதையும். நாளைக்கே போய்க் கழட்டுவம். கேட்ட தண்ணியைக் குடுத்திட்டு வருவம்."

மனைவி பிரபாவதி நிறைய ஊற்றிக் கொடுத்த செம்பை முரளிதரன் வாயருகே கொண்டுபோனார். கவிழ்த்தார்.

ஒரு சொட்டு விழவில்லை.

"முதல்ல அது சொன்னது அரபிங்ண்ணா..." குரல் காற்றாக வந்தது. "பூட்டுனதுக்கப்பறம் சொன்னது தமிழு."